பட்டா என்ற மூன்று எழுத்தும், பதின்மூன்று புது எழுத்தும்



போன மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவின் கடைசி வீட்டு அம்மா தன் பேத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பெண் மூன்றாம் வகுப்பு. நல்ல சுறுசுறுப்பு. "ஐயா, நீங்க ஆபீசுல இருந்தவரு. இவளக் கொஞ்சம் பாருங்க. புக்கப் பாத்து கடகடன்னு ஒப்பிக்கிறா. ஆனா மளிகைக் கடைப் போர்டப் படிடின்னா முழிக்கிறா" என்றார்.

பாடப் புத்தகத்தைத் திறந்து படிக்கச் சொன்னேன். ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் சொன்னாள். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு வரியின் முதலிலிருந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டே வந்து, என் விரல் இருந்த இடம் வந்ததும் அந்தச் சொல்லைச் சொன்னாள். அவள் படிக்கவில்லை. பாட்டைப் போல மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தையின் இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றவன்தான். முப்பத்தெட்டு வருடம் கல்வி சம்பந்தமான கோப்புகளைப் புரட்டிய எழுத்தனும்தான். குழந்தைக்கு எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட முடியுமா? போட்டிருக்கிறதா? போட்டால் நடக்குமா? எனக்குத் தெரிந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் என் கதை. கண்டமங்கலம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் விழுப்புரம், அந்தப் பக்கம் நாலு அடி வைத்தால் புதுச்சேரி. நான் பிறந்தபோது அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுமையாக மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். என் தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் அவரைச் 'சொல்தா' வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. ஆறு வயதில் என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய், பிரெஞ்சு வழிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டார். என் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளை யாரும் எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. அப்பாவுக்கு மாடு மேய்க்க ஆள் வேண்டியிருந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் எழுத்து கற்றுக்கொடுத்த முறை இன்றும் காதில் ஒலிக்கிறது. 'பே, ஆ: பா. பே, ஓ: போ' என்று நாற்பது பையன்கள் ஒரே குரலில் கத்துவோம். ஓர் ஒலியும் இன்னோர் ஒலியும் சேர்ந்தால் என்ன என்று கூட்டுவது. பிரெஞ்சில் எழுத்து 26தான், ஆனால் ஒலி அதைவிட அதிகம். ஓ என்ற ஒரே ஒலியை ஓர் எழுத்தாகவும் எழுதலாம், இரண்டு எழுத்தாகவும் எழுதலாம், மூன்று எழுத்தாகவும் எழுதலாம். பறவைக்கு 'வாஸோ' என்று பெயர். எழுதினால் ஆறு எழுத்து, அதில் ஒன்றுகூடத் தன் சொந்த ஒலியில் வராது! அதனால்தான் அங்கே 'திக்தே' என்ற சொல்வதெழுதுதலுக்கு அவ்வளவு மரியாதை. ஐந்து பிழை என்றால் பூஜ்யம். நான் வாங்கிய பூஜ்யங்களைச் சேர்த்தால் ஒரு மாலை கட்டலாம்.

ஆனாலும் நான் படிக்கக் கற்றுக்கொண்டேன், பிரெஞ்சை. தமிழை? வாரத்தில் சில மணி நேரம் தமிழ் வாத்தியார் வருவார். பாட்டு, கதை சொல்வார். நான் கேட்டு அப்படியே ஒப்பிப்பேன். அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணைப் போலவேதான். 1973-ல் புதுச்சேரி அரசில் இளநிலை எழுத்தனாகச் சேர்ந்தபோது, என் மேசைக்கு வந்த முதல் தமிழ் மனுவை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். தாய்மொழியைத் தடவித் தடவிப் படிப்பதன் வெட்கம் அன்று எனக்குப் புரிந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

நம் பக்கத்தில் பழைய ஏற்பாடு திண்ணைப் பள்ளிக்கூடம். மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் ஒலியைச் சொல்ல வேண்டும். கண், கை, காது, வாய் நாலும் ஒரே எழுத்தில் நிற்கும். மூத்த பையன் சட்டாம்பிள்ளை, இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். பிறகு ஓலை, எழுத்தாணி. இதற்கு அரசாங்க உத்தரவு ஏதும் கிடையாது. ஊர் கொடுக்கும் நெல்லில் வாத்தியார் பிழைத்தார்.

இந்த முறை கடல் கடந்து போனது பலருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியைக் கவனித்துவந்தார். ஆசிரியர்கள் சரியாக அமையவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளியில் கொண்டுவந்தார். தன் ஆசிரியர்கள் மறுத்தபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பி 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் தெருமணல் அவர்களுக்குப் புதுமை. பின்னால் அவர்கள் நமக்குப் பள்ளிக்கூடம் வைக்க வந்தபோது அந்த மணல் நமக்கே நாகரிகக் குறைவாகிவிட்டது.

1822-ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டங்களில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். நாலு வருடம் கழித்து 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 பிள்ளைகள் என்று கணக்கு வருகிறது. அப்போதைய மாகாண மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அந்தப் பிள்ளைகளில் பெண்கள் மிகச் சொற்பம். சாதியின் கதவு சாத்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் திண்ணையின் ஓரம்கூடக் கிடைக்கவில்லை. திண்ணைப் பள்ளியைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு வந்த சட்டங்கள் எல்லாம் 'யார் வர வேண்டும்' என்பதைப் பற்றியவை. பிரான்சில் ழூல் ஃபெரி என்ற அமைச்சர் 1881-ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார், 1882-ல் கட்டாயமாக்கினார். சென்னை மாகாணத்தில் 1920-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் விரும்பினால் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரலாம் என்றது. சுதந்திரத்துக்குப் பின் காமராஜர் காலத்தில் பள்ளியும் மதிய உணவும் கிராமத்துக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் 1994-ல் வந்தது. நாடு முழுவதுக்குமான கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது வகைச் சட்டம், 'எந்த மொழி, எந்தப் புத்தகம்' என்பதைப் பற்றியது. 2006-ல் தமிழ்நாடு தமிழ் கற்பித்தல் சட்டம் வந்தது. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தமிழ் கட்டாயம், ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு ஏறி 2015-16-ல் பத்தாம் வகுப்பு வரை. என்னைப் போலத் தமிழை ஓரமாக வைத்துப் படித்தவனுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம். அதை நிறுத்திவைக்கப் பார்த்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட் 9-ல் தீர்ப்பு வந்து பிள்ளைகள் கைக்குப் புத்தகம் போனது நினைவிருக்கும். பள்ளி திறந்து இரண்டு மாதம் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

மூன்றாவது கேள்விதான் நம் கேள்வி: 'எப்படி'. இங்கே சட்டம் குறைவு, அரசாணையும் சுற்றறிக்கையும் அதிகம். எழுத்தர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். சட்டம் என்பது சட்டமன்றம் இயற்றுவது. அரசாணை துறை போடுவது. சுற்றறிக்கை மேலிருந்து கீழே அனுப்புவது. கீழே போகப்போக வேகம் கூடும், பொருள் குறையும்.

அந்த அரசாணைகளில் என் கையில் பட்ட மிகப் பெரியது 1978 அக்டோபர் 19 தேதியிட்ட எழுத்துச் சீர்திருத்த ஆணை. பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் இந்த எழுத்துகளைப் புழங்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. மாறியவை பதின்மூன்று எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. இப்போது இதைப் படிக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இதில் என்ன மாற்றம் என்றே தெரியாது. நமக்குத் தெரியும். பழைய லை-க்கு யானைத் துதிக்கை போல முன்னால் ஒரு வளைவு இருக்கும். பழைய ணா கீழே சுழித்து ஓர் ஒற்றை எழுத்தாக நிற்கும், கால் தனியாக இருக்காது. ஒரு குழந்தை கா, சா, டா என்று கால் போட்டு அழகாக எழுதிக்கொண்டு வரும். ணா வந்ததும் "இல்லை, இதுக்கு மட்டும் வேற" என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் வாத்தியாரிடம் பதில் இல்லை. இந்த விதிவிலக்குகளைத்தான் ஆணை எடுத்துவிட்டது.

புதுச்சேரிப் பள்ளிகளில் அப்போது தமிழ்நாட்டுப் பாடநூல்தான். எனவே ஆணை எல்லையைத் தாண்டி எங்களுக்கும் வந்தது. நான் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் பாடுபட்டுப் பழைய எழுத்தைச் சரளமாக்கிக்கொண்ட நேரம். "ஐயோ, இப்பத்தான் கத்துக்கிட்டேன்" என்று சொல்லி மேசைக்காரர்கள் எல்லாரும் சிரித்தோம். கொஞ்ச நாள் பழைய துதிக்கையும் புதிய இரட்டைக் கொம்பும் ஒரே கடிதத்தில் வரும். சில வருடத்தில் பழசு மறைந்துவிட்டது. சிங்கப்பூர், மலேசியாவிலும் இதையே ஏற்றுக்கொண்டார்கள். என் அனுபவத்தில், படிக்கும் குழந்தையின் சுமையை உண்மையாகவே குறைத்த ஆணை இது ஒன்றுதான். வாத்தியாரை அது 'இப்படி நில், அப்படி உட்கார்' என்று சொல்லவில்லை. பாதையில் இருந்த கல்லை மட்டும் எடுத்தது.

அடுத்தது ஆணையும் இல்லை, சட்டமும் இல்லை, ஓர் இயக்கம். அறிவொளி. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சூட்டோடு புதுச்சேரியிலும், பிறகு புதுக்கோட்டை முதலான மாவட்டங்களிலும் அறிவொளி எரிந்தது. சாயங்காலம் ஆனால் தெருவிளக்கின் அடியில் பாயைப் போட்டு, கல்லூரிப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடப் புத்தகம் அ, ஆ என்று தொடங்கவில்லை. 'பட்டா' என்றும் 'படி' என்றும் தொடங்கியது. ப-வும் ட-வும் கோடு போட்டது போன்ற எழுத்துகள், கரடுபட்ட கைக்கும் வரும். அதோடு, பட்டா என்ற சொல் உழைக்கிற மனிதருக்கு வெறும் சொல் இல்லை, உயிர்.

என் அக்காவை வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா தவறிவிட்டார். அக்காவுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. அவளும் பாயில் போய் உட்கார்ந்தாள். நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, பழைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் எதிரில் விரித்தாள். நிலத்தின் பட்டா. விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, வியர்த்துப்போய்ப் படித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, இதுல எங்க வீட்டுக்காரர் அண்ணன் பேருதான் இருக்கு. எம் பேரும் இல்ல, அவரு பேரும் இல்ல. நீ அன்னிக்கிப் படிச்சுட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னியேடா?"

ஆமாம். மாமா இறந்த வருடம் அவள் என்னிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினாள். நான் அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, பத்திரமா வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். அரசாங்க எழுத்தன், இரண்டு மொழி படித்தவன், ஒரு வரியைச் சரியாகப் படிக்கவில்லை. நான் கைநாட்டு என்று எண்ணியிருந்த அக்கா படித்துவிட்டாள். மனு மேல் மனு போட்டு, அலைந்து, அவள் பெயர் ஏற இரண்டு வருடம் ஆனது. ஒவ்வொரு மனுவிலும் அவளே கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து எழுத்தறிவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அவள் விரல்தான் நினைவுக்கு வரும். எந்தப் புள்ளிவிவரமும் வராது.

குழந்தைகளின் வகுப்பறைக்கு இதே போன்ற மாற்றம் 2003-க்குப் பிறகு வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி தன் கிராமப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துக் கற்பிக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதைப் பார்த்து, மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 'செயல்வழிக் கற்றல்' என்று பெயர். 2007-08-ல் அது தமிழ்நாடு முழுவதும் சுமார் 37,000 அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை. கற்றல் ஏணி என்று ஒரு படம், அதில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏறும். அட்டையில் உள்ள படத்தைப் பார்த்துத் தனக்குரிய அட்டையைத் தானே எடுக்கும். எழுத்து வரிசையும் அகர வரிசை இல்லை, ட, ப, ம போல எழுத எளிதானவை முன்னால்.

நல்ல வாத்தியார் இருந்த இடத்தில் அது பூத்தது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயமில்லாமல் பிள்ளைகள் வாத்தியார் மடியில் சாய்ந்துகொண்டு படித்தார்கள். ஆனால் நாலு வகுப்புக்கு ஒரே ஆசிரியர், அட்டை கிழிந்தால் மாற்று இல்லை, மேலே இருந்து வருபவர் ஏணியில் டிக் அடித்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார் என்ற இடத்தில், அட்டை எடுப்பதும் வைப்பதுமே படிப்பாகிவிட்டது. முறையில் குறை இல்லை. ஒரே நாளில் 37,000 பள்ளிக்கு ஒரே உடை தைத்ததில்தான் சிக்கல்.

கல்வி உரிமைச் சட்டத்திலேயே 'எப்படி' என்பதைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. 29-வது பிரிவு. செயல்கள் மூலமும் தேடிக் கண்டுபிடிப்பதன் மூலமும் குழந்தை கற்க வேண்டும், கூடுமானவரை தாய்மொழியில் கற்க வேண்டும், பயமும் பதற்றமும் இருக்கக்கூடாது என்கிறது. 24-வது பிரிவு ஆசிரியரின் கடமையைச் சொல்கிறது: ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரி எங்கும் நடந்தால், எங்கள் தெருப் பெண் என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டாள். அதே சட்டத்தின் அட்டவணை, அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒவ்வொரு குழந்தையையும் தனியாகப் பார் என்று ஒரு கை எழுதியதை, ஆளில்லை என்று இன்னொரு கை எழுதிவிட்டது.

வெளிநாட்டிலும் இதே சண்டைதான். பிரான்சில் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் முறை வேண்டுமா, சொல்லை முழுதாகப் பார்த்துப் பழகும் முறை வேண்டுமா என்று பல வருடம் வாதம். 2006 ஜனவரியில் கல்வி அமைச்சர் ழில் த ரொபியான் ஒரு சுற்றறிக்கை விட்டார்: முழுச்சொல் முறையைக் கைவிடுங்கள், ஒலிகளிலிருந்தே தொடங்குங்கள் என்று. ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. அந்த முறையைத் தூய வடிவில் யாரும் நடத்தவே இல்லையே, யாரைத் தடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு என் 'பே, ஆ: பா' நினைவு வந்து சிரிப்பும் வந்தது.

அமெரிக்காவில் மாநிலங்கள் சட்டமே போட்டன. மிசிசிப்பி மாநிலம் 2013-ல் போட்ட சட்டப்படி, மூன்றாம் வகுப்பு முடிவில் படிக்க வராத குழந்தை நான்காம் வகுப்புக்குப் போக முடியாது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. ஒலியையும் எழுத்தையும் முறையாக இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள், சின்ன வயதிலேயே பரிசோதித்தார்கள். நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-ல் நாட்டிலேயே 49-வது இடத்தில் இருந்த அந்த ஏழை மாநிலம், 2019-ல் 29-வது இடத்துக்கு வந்தது. நம்மிடமும் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்து 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். கைவிட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். பயிற்சியும் ஆளும் கொடுக்காமல் தேர்வை மட்டும் கொண்டுவந்தால், தோற்பது குழந்தை மட்டும்தான்.

கொரோனாவுக்குப் பிறகு நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை. மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27-ல் முதல்வர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், சாயங்காலத்தில் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அறிவொளிப் பாய் நினைவுக்கு வந்தது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பது நோக்கம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் பொம்மலாட்டமுமாக நடத்துகிறார்கள். பெயர்கள் அழகு. அரும்பில் நிற்கும் குழந்தையை யாராவது தினமும் பார்த்தால் அது மலராகும், பதிவேட்டில் மட்டும் மலர்ந்தால் போதாது.

சரி, எங்கள் தெருப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள்.

மறுநாள் அவளை வரச் சொன்னேன். வாசலில் வீடு கட்ட யாரோ கொட்டியிருந்த மணலில் கொஞ்சம் எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பினேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ப எழுது என்றேன், எழுதினாள். சத்தமாகச் சொல் என்றேன், சொன்னாள். பக்கத்தில் ட. இரண்டையும் சேர்த்துச் சொல். கொஞ்ச நேரம் யோசித்து, "பட" என்றாள். நடுவில் மெய்யெழுத்து, கடைசியில் ஒரு கால். "பட்...டா. பட்டா!" என்று கத்தினாள். என் அக்கா அந்த நேரம் உள்ளே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு எண்பதை நெருங்குகிறது, எங்களோடுதான் இருக்கிறாள். சத்தம் கேட்டு எழுந்து வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"நீ நகருடா. உனக்குப் பொறுமை போதாது. நான் சொல்லித் தரேன்" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வாசலில் வகுப்பு நடக்கிறது. வாத்தியார் என் அக்கா. நான் மணலைச் சமன் செய்யும் சட்டாம்பிள்ளை. பெண் நேற்று மளிகைக் கடைப் பலகையில் 'அரிசி', 'பருப்பு' வரைக்கும் கூட்டிவிட்டாள். 'எண்ணெய்'யில் கொஞ்சம் தடுமாறினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னை முறைத்துப் பார்த்து அடக்கிவிட்டாள். குழந்தை தானே கூட்டி முடித்தாள்.